கைபேசியில் வானொலி: அலைவழியும் இணைய வழியும்

1956ஆம் ஆண்டில், அன்றைய பம்பாய் மாநிலத்தின் புனே வானொலி நிலையத்தைச் சார்ந்த ஏறத்தாழ 150 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தப்பட்டது. யுனெஸ்கோவின் துணையுடன் நடைபெற்ற அச்சோதனையில், கிராமத்தார் வாரம் இருமுறை ஒரு வானொலிப் பெட்டியின் முன் கூடினர். வேளாண்மையையும் ஊர் நலனையும் பற்றிய நிகழ்ச்சியைக் கேட்டனர். பின்னர் அதைக் குறித்துத் தமக்குள் விவாதித்தனர். எழுந்த ஐயங்களை நிலையத்திற்கு அனுப்பி விடை பெற்றனர். கிராம வானொலி மன்றங்கள் என்று பெயர் பெற்ற இம்முறை 1959இல் நாட்டின் பிற பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் தஞ்சை வட்டாரத்தில் ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல் பரவியபோது, அதைப் பற்றிய செய்தியைத் திருச்சி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பு வாயிலாக அறிந்த உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர்.

அந்த வானொலிப் பெட்டி இன்று எங்கே இருக்கிறது? 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 35 சதவீதக் குடும்பங்களில் வானொலிப் பெட்டியோ டிரான்சிஸ்டரோ இருந்தது. 2011இல் இது 20 சதவீதத்திற்குக் குறைந்துவிட்டது. வானொலி மறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளன்று. பெட்டி வீட்டை விட்டு வெளியேறியது. அதன் இடத்தில் கைபேசி வந்து அமர்ந்தது. ஆகவே இன்று வானொலி நேயரைப் பற்றிப் பேசும்போது, பெரும்பாலும் கைபேசி வைத்திருப்பவரைப் பற்றியே பேசுகிறோம்.

கைபேசிக்குள் வானொலி நுழைவதற்கு இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று, கருவியிலேயே பொருத்தப்பட்டுள்ள எஃப்.எம். ஏற்பி. இது டிரான்சிஸ்டரைப் போலவே வான்வழி வரும் அலையைப் பற்றுகிறது. செவிப்பொறியின் கம்பியே இதற்கு ஏரியல் ஆகிறது. இதற்கு இணைய இணைப்பு தேவையில்லை, கட்டணமும் இல்லை. மற்றொன்று, இணைய வழியாக ஓடிவரும் ஒலி. இவ்விரண்டும் செவியில் ஒன்றுபோல் ஒலிப்பதால் இரண்டையும் ஒன்றெனவே பலர் கருதிவிடுகின்றனர். நிலையத்தை நடத்துவோருக்கும், கேட்போருக்கும், புயற்காலத்தில் எச்சரிக்கையை எதிர்நோக்கியிருக்கும் கடற்கரை மக்களுக்கும் இவற்றின் வேறுபாடு மிகப் பெரிது. அதைப் புரிந்துகொள்ள, இணைய ஒலி எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகவே காண வேண்டும்.

ஒலி துண்டாகிப் பயணம் செய்யும் விதம்

ஒலிவாங்கியின் முன் ஒருவர் பேசுகிறார். அவரது குரலால் எழும் மின் அலையைக் கணினி நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. இசைத்தட்டுத் தரத்தில் இவ்வாறு நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட்டுகள், இடம் வலம் என இரு தடங்கள் என்று கணக்கிட்டால், ஒரு நொடி ஒலிக்கு 14 லட்சத்து 11 ஆயிரத்து 200 பிட்டுகள் தேவைப்படும். இவ்வளவு பெரிய சுமையைச் சாதாரணக் கைபேசி இணைப்பில் இடைவிடாது அனுப்புவது வீண்செலவு. எனவே சுருக்கும் முறைகள் கையாளப்படுகின்றன. மனிதச் செவி எல்லா ஒலிகளையும் ஒரே கூர்மையுடன் கேட்பதில்லை. உரத்த ஓர் ஒலி எழும்போது அதன் அருகிலுள்ள மெல்லிய ஒலி அதில் மறைந்துவிடுகிறது. செவிக்குப் புலப்படாத இத்தகைய பகுதிகளை நீக்கிவிட்டால், நொடிக்கு 64,000 பிட்டுகளிலேயே, அதாவது 64 கிலோபிட்டிலேயே, திருப்தியான ஒலியைப் பெறலாம். முதலில் இருந்த சுமையில் இது ஏறத்தாழ இருபத்திரண்டில் ஒரு பங்கு. எம்.பி.3, ஏ.ஏ.சி., ஓபஸ் என்பன இத்தகைய சுருக்கு முறைகளின் பெயர்கள். பேச்சு மட்டுமே உள்ள நிகழ்ச்சி எனில், ஒரே தடத்தில் 24 அல்லது 32 கிலோபிட்டே போதுமானது.

சுருக்கப்பட்ட ஒலி, வழங்கிக் கணினி ஒன்றுக்கு அனுப்பப்படுகிறது. நேயர் தமது கைபேசியில் நிலையத்தின் பெயரைத் தொட்டவுடன், அவருக்கென அந்த ஒலி சிறுசிறு பொட்டலங்களாக வந்து சேர்கிறது. வழியில் ஒன்றிரண்டு பொட்டலங்கள் தாமதமானாலும் பேச்சு அறுந்துவிடாதிருக்க, கைபேசி சில நொடி ஒலியை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொண்டுதான் ஒலிக்கத் தொடங்குகிறது. குடத்தில் தண்ணீர் நிரம்பிய பின்னரே குழாயைத் திறப்பது போன்ற ஏற்பாடு இது. இதனால் இணைய வழியில் கேட்பவர் எப்போதும் சற்றுப் பிந்தியே கேட்கிறார். வாசகர் தாமே இதைச் சோதித்துப் பார்க்கலாம். செய்திக்கு முன் மணி காட்டும் குறுவொலிகள் டிரான்சிஸ்டரில் ஒலித்து முடிந்து, செய்தி வாசிப்பவர் தொடங்கிய பின்னரே கைபேசியில் அவை ஒலிக்கக் காணலாம். பத்து நொடி முதல் அரை நிமிடம் வரை இந்த இடைவெளி இருக்கக்கூடும். கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள இணைய வானொலியை நம்பலாகாது! கிரிக்கெட் வர்ணனையைக் கைபேசியில் கேட்பவர்களோ, விக்கெட் விழுந்ததை அடுத்த வீட்டுக் கூச்சலின் வாயிலாகவே முதலில் அறிகின்றனர்.

ஓர் அலையும் ஒரு லட்சம் ஓடைகளும்

இவ்வளவும் தொழில்நுட்ப நுணுக்கம் மட்டுமே. பொருளாதார வேறுபாடு இதனினும் ஆழமானது. அலைபரப்பி ஒன்று இயங்கும்போது, அதன் எல்லைக்குள் ஒருவர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் செலவாகும் மின்சாரம் ஒன்றே. புதிதாக ஒருவர் பெட்டியைத் திருப்புவதால் நிலையத்திற்கு ஒரு காசும் கூடுதல் செலவில்லை. இணையத்திலோ ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனி ஓடை செல்ல வேண்டும். 64 கிலோபிட் வீதம் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் நொடிக்கு 64 மெகாபிட். ஒரு லட்சம் பேர் கேட்டால் 6,400 மெகாபிட். கேட்போர் பெருகப் பெருகச் செலவும் பெருகுகிறது. இச்சுமையைப் பல நகரங்களிலுள்ள வழங்கிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் நிறுவனங்கள் உள்ளன. அவற்றுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். புகழ் பெற்றதனாலேயே நெருக்கடிக்கு உள்ளாகும் விந்தையான நிலை சிறு இணைய நிலையங்களுக்கு உண்டு.

நேயர் தரப்பிலும் ஒரு கணக்கு உள்ளது. 64 கிலோபிட் ஓடையை ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 29 மெகாபைட் செலவாகும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வீதம் 28 நாட்கள் கேட்டால் 1.6 ஜி.பி. ஆகிறது. 2014ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒரு ஜி.பி. தரவின் சராசரி விலை சுமார் 269 ரூபாய். அவ்விலையில் இந்த வானொலிப் பழக்கத்திற்கு மாதம் 430 ரூபாய் செலவாகியிருக்கும். கூலி வேலை செய்யும் குடும்பம் அதை எண்ணியும் பார்க்க இயலாது. 2016க்குப் பின் ஏற்பட்ட போட்டியால் விலை சரிந்து, சில ஆண்டுகளில் ஒரு ஜி.பி. சுமார் பத்து ரூபாய் என்ற நிலைக்கு வந்தது. அதே பழக்கத்திற்கு இப்போது பதினாறு ரூபாய்தான். இணைய வானொலி நம் நாட்டில் சாமானியர் கைக்கு எட்டியதற்கு முதற் காரணம் இந்த விலைச் சரிவே என்பது எமது கருத்து.

ஆயினும் ‘சாமானியர்’ என்ற சொல்லில் யார் யார் அடங்குகின்றனர் என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 54 சதவீதத்தினரே தாம் பயன்படுத்தும் கைபேசியை உடையவர்களாக இருந்தனர். இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியிருந்த பெண்கள் 33 சதவீதம். ஆண்கள் 57 சதவீதம். அந்த ஆய்விற்குப் பின் இணைப்புகள் பெருகியுள்ளன என்பது உண்மைதான். ஆனால் வீட்டிற்கு ஒரு கைபேசி வந்துவிட்டது என்பதும், அது வீட்டுப் பெண்ணின் கையில் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. அடுப்படி அலமாரியில் இருந்த பழைய டிரான்சிஸ்டர் எவருக்கும் தனியுடைமையாக இருந்ததில்லை; குடும்பத் தலைவர் வெளியே சென்றபோது அது அவருடன் புறப்பட்டுச் செல்லவும் இல்லை.

எல்லையைக் கடந்த குரல்

இனி இணைய வழியின் சிறப்பைக் கூறுவோம். அலைக்கு எல்லை உண்டு. பண்பலை அலைபரப்பியின் வீச்சு சில பத்துக் கிலோமீட்டர்களோடு நின்றுவிடுகிறது. மத்திய அலை பகலில் ஓரளவும் இரவில் கூடுதலாகவும் செல்லும். ஆனால் நம் மக்கள் ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, பிறந்த ஊரையோ முன்பு வசித்த ஊரையோ விட்டு இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ 45 கோடிப் பேர் எனக் காட்டியது. அவர்களுள் பெரும் பகுதியினர் திருமணத்தால் இடம்பெயர்ந்த பெண்கள். சூரத்தின் விசைத்தறிக் கூடங்களில் பணிபுரியும் கஞ்சம் மாவட்டத்து ஒடியா இளைஞர்களும், மும்பை தாராவியில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழரும், அசாமின் தேயிலைத் தோட்டங்களில் சந்தாலி பேசும் குடும்பத்தாரும் தம் தாய்மொழி நிலையங்களின் அலை வீச்சுக்கு வெளியே வாழ்பவர்கள். அவர்களுக்குக் கட்டக் நிலையத்தையோ சென்னை நிலையத்தையோ அலைவழியில் கொண்டு சேர்க்க எந்தத் திட்டத்தாலும் இயலாது. இணையத்தில் அது ஒரு விரல் தொடுகை.

அகில இந்திய வானொலி 23 மொழிகளிலும் 179 கிளைமொழிகளிலும் ஒலிபரப்புவதாகக் கூறப்படுகிறது. இக்கிளைமொழிகளுள் பல, ஒரே நிலையத்திலிருந்து நாளொன்றுக்குச் சிறிது நேரமே ஒலிப்பவை. அவற்றைப் பேசுவோர் மலைப்பகுதிகளிலும் அவற்றிற்கு அப்பாலும் சிதறி வாழ்கின்றனர். பிரசார் பாரதியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் 240க்கும் மேற்பட்ட வானொலி அலைவரிசைகள் நேரடியாகக் கிடைக்கும்படி செய்யப்பட்டன. 2024 நவம்பரில் தொடங்கப்பட்ட ‘வேவ்ஸ்’ தளத்திலும் வானொலி இடம்பெற்றது. விவித பாரதியையும் செய்தியையும் எல்லா இடங்களிலும் கேட்கலாம் என்பதைக் காட்டிலும், ஒரு சிறு நிலையத்தின் கிளைமொழி நிகழ்ச்சியை ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து கேட்கலாம் என்பதே இவற்றின் பெரும்பயன் எனத் தோன்றுகிறது.

காலத்தின் எல்லையும் இவ்வாறே தளர்கிறது. பண்ணை ஒலிபரப்பு மாலையில் வரும்போது, பால் கறப்பவர் தொழுவத்தில் இருப்பார். ஒலிபரப்பாகிவிட்ட நிகழ்ச்சி அலையில் திரும்பி வராது. இணையத்தில் பதிவாக வைத்திருந்தால் இரவு பத்து மணிக்கும் கேட்கலாம், மறுமுறையும் கேட்கலாம். மருந்துத் தெளிப்பின் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டிய உழவருக்கு மறுமுறை கேட்பது சிறிய வசதியன்று.

இதன் மறுபக்கமும் உண்டு. இணையம் வந்துவிட்டது என்ற காரணத்தால் அலையை நிறுத்திவிடும் போக்கு உலகெங்கும் காணப்படுகிறது. பி.பி.சி.யின் தமிழோசைச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் இறுதியில் நின்றது. அதன் இந்திச் சிற்றலை 2020 ஜனவரி இறுதியில் நின்றது. நிறுத்தியவர்கள் கூறிய காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே: நேயர் பலர் இணையத்திற்கும் தொலைக்காட்சிக்கும் மாறிவிட்டனர். மாறாதவர்கள் யாவர் என்பதை எண்ணினால், அவர்கள் பெரும்பாலும் கோபுரமும் மின்சாரமும் குறைந்த சிற்றூர்களில் வாழும் முதியோராகவே இருப்பர்.

புயல் வரும் நேரம்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே விரைந்து வலுப்பெற்றபோது, தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கரையிலுள்ள கோபுரத்தின் கைபேசிச் சைகை கடலுக்குள் சில கடல்மைல்களோடு ஓய்ந்துவிடும். அதற்கு அப்பால் சென்ற படகில் எத்துணை விலையுயர்ந்த கைபேசி இருந்தாலும், இணைய வானொலியைப் பொறுத்தவரை அது வெறும் பெட்டியே. கரையிலும் இதே நிலை நேரலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் மூழ்கின. கோபுரத்திற்கு மின்சாரம் இல்லை. மின்கலம் தீர்ந்ததும் கோபுரமும் மௌனமாகிவிடும். இத்தகைய வேளையில் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு மத்திய அலை நிலையம் இயங்கினால், இரண்டு பாட்டரிகளைக் கொண்ட டிரான்சிஸ்டர் அதைப் பற்றிவிடும்.

ஒக்கிக்குப் பின் மேற்கொள்ளப்பட்ட ஏற்பாடுகளைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். 2019 அக்டோபரில் அறிமுகமான ‘ஜெமினி’ என்னும் கருவி, ககன் செயற்கைக்கோளிலிருந்து வரும் எச்சரிக்கையை ஆழ்கடலில் பெற்று, ப்ளூடூத் வழியே மீனவரின் கைபேசிக்குத் தருகிறது. 2023இல் நாட்டின் பல பகுதிகளில் சோதிக்கப்பட்ட அவசர எச்சரிக்கை முறையில், ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி செல்கிறது. தனித்தனியாக ஒவ்வொரு எண்ணுக்கும் அனுப்பப்படுவதில்லை. இரண்டுமே இணைய ஓடைகள் அல்ல. ஒன்று கூறப் பலர் கேட்கும் பழைய ஒலிபரப்புத் தத்துவமே இவற்றில் மீண்டும் உயிர் பெற்றுள்ளது. ஐ.ஐ.டி. கான்பூரும் பிரசார் பாரதியும் சேர்ந்து சோதித்துவரும் ‘நேரடிக் கைபேசி ஒலிபரப்பு’ முறையும், இணைய இணைப்பின்றிக் கைபேசிக்கு அலைவழியே நிகழ்ச்சிகளைச் சேர்க்கும் முயற்சியே.

இவற்றைவிட எளிய ஒரு வழி ஏற்கெனவே பல கைபேசிகளில் உறங்கிக் கிடக்கிறது. அதுதான் முதலில் கூறிய எஃப்.எம். ஏற்பி. விலை குறைந்த பொத்தான் கைபேசிகளில் இது பொதுவாக இருந்துவந்தது. விலை கூடிய கருவிகளில்தான் விடுபட்டுப்போனது, அல்லது இருந்தும் இயங்காதபடி முடக்கி வைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், எஃப்.எம். வசதியுள்ள கைபேசிகளில் அதை முடக்காமல் இயங்கச் செய்யுமாறு உற்பத்தியாளர் சங்கங்களுக்கு அறிவுரை வழங்கியது. பேரிடர்க் காலத் தேவையையும் ஏழை மக்களின் தேவையையும் அது காரணமாகச் சுட்டியது. அது அறிவுரையே அன்றிக் கட்டாயச் சட்டம் அன்று. புதிய கைபேசி வாங்கச் செல்பவர்கள் படக்கருவியின் திறனை விசாரிப்பதுடன், இதில் ரேடியோ உண்டா என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம்.

சமுதாய வானொலியின் அனுபவம்

அலைக்கற்றை பொதுமக்களின் சொத்து என 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு வளாக வானொலி அனுமதிக்கப்பட்டது; 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் நிலையம் தொடங்கிற்று. 2006 நவம்பரில் தன்னார்வ அமைப்புகளுக்கும் வாயில் திறந்தது. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேடக் மாவட்டத்து மாச்சனூரில் தலித் பெண்கள் நடத்தும் ‘சங்கம் ரேடியோ’ 2008 அக்டோபரில் ஒலிக்கத் தொடங்கியது. இத்தகைய நிலையத்திற்கு அனுமதிக்கப்பட்ட அலைத்திறன் 100 வாட். அதன் குரல் சுமார் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் அடங்கிவிடும். அதுவே அதன் வலிமையும் ஆகும். அவ்வட்டத்திற்குள் பேசுபவரைக் கேட்பவர் அறிவார்.

அலைக்கற்றை தேவையில்லாத இணைய நிலையத்தைத் தொடங்க ஒரு கணினியும் ஒலிவாங்கியும் இலவச மென்பொருளும் போதும். ஆனால் உலகம் முழுவதும் கேட்கக்கூடிய நிலையத்தை அடுத்த தெருவில் கேட்பவர் யாருமில்லை என்பதும் நேர்வதுண்டு. ஆகையால் அலைபரப்பியை மையமாக வைத்துக்கொண்டு, இணைய ஓடையை ஊரை விட்டுச் சென்றவர்களுக்கான துணை வழியாகக் கொள்வதே சமுதாய நிலையங்களுக்கு ஏற்றது.

இணையம் எட்டாத இடங்களில் மக்கள் கண்ட வழி மேலும் சுவையானது. சத்தீஸ்கரின் கோண்டு மக்களிடையே 2010இல் பத்திரிகையாளர் சுப்ரான்சு சௌத்ரி தொடங்கிய ‘சி.ஜி.நெட் ஸ்வரா’வில், ஒரு தொலைபேசி எண்ணை அழைத்துத் தமது செய்தியைத் தம் மொழியிலேயே பதிவு செய்யலாம். பிறர் அழைத்துக் கேட்கலாம். எழுத்தறிவு தேவையில்லை; இணையமும் தேவையில்லை. ரேஷன் கிடைக்காதது, கைப்பம்பு பழுதானது, ஊதியம் வராதது ஆகிய செய்திகள் இவ்வாறு வெளிவந்தன. பின்னர் ‘புல்டூ ரேடியோ’ வந்தது. ப்ளூடூத் என்ற சொல்லை மக்கள் புல்டூ என்றனர்! இணைப்புள்ள ஓரிடத்தில் நிகழ்ச்சியை இறக்கிக்கொண்டு, கைபேசியிலிருந்து கைபேசிக்குப் பரிமாறிக்கொள்ளும் முறை இது. வாரச் சந்தைக்கு வந்து செல்பவர் ஒருவர் போதும். சைகையே இல்லாத மலையூருக்கும் நிகழ்ச்சி சென்றுவிடும். பாரத் நெட் திட்டத்தின்கீழ் கண்ணாடியிழைக் கம்பி சென்றடைந்துள்ள ஊராட்சிகள் இரண்டு லட்சத்திற்கும் மேல். அக்கம்பி ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடும் ஊர்களில், அங்கு வைக்கப்படும் ஒரு கணினியில் வாரந்தோறும் பண்ணை நிகழ்ச்சிகளையும் உடல்நல நிகழ்ச்சிகளையும் இறக்கி வைத்தால், கைபேசியில் நிரப்பிச் செல்வது எளிது.

சிறு நிலையங்கள் இணையத்தில் இறங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு, நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தைச் செலுத்திப் பாடல்களை ஒலிபரப்ப வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் வழிவகுத்தது. இச்சலுகை இணைய வழி ஒலிக்குப் பொருந்தாது என 2019 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அலையில் உரிமையுடன் ஒலிக்கும் திரைப்பாடல், அதே நேரத்தில் இணைய ஓடையில் செல்லும்போது உரிமையாளரின் தனி இசைவைக் கோரி நிற்கும். பெரிய நிறுவனங்கள் இதற்கென ஒப்பந்தம் செய்துகொள்ளும். சிறு நிலையங்களோ ஓடையில் திரைப்பாடலை விடுத்து, தாமே பதிவு செய்த நாட்டுப்புறப் பாடல்களையும் ஊர்க் கலைஞர்களின் இசையையும் உரிய எழுத்து இசைவுடன் வழங்கலாம். அத்தகைய நிலையங்கள் பேச்சு நிகழ்ச்சிக்கு 32 கிலோபிட் ஒரு தட ஓடையும், இசைக்கு 64 கிலோபிட் ஓடையும் என இரண்டை வைத்து, எதைக் கேட்பது என்பதை நேயரே தேர்ந்துகொள்ள விட்டால், இணைப்பு நலிந்த ஊரிலும் குரல் அறுபடாமல் சென்று சேரும்.